பொன்னாடைக்கு 12 நிமிடம், பாட்டுக்கு எத்தனை?

(நாகர்கோவிலில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் அன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடப் பையோடு நேரே வந்து உட்கார்ந்திருக்கும் மக்களே, வணக்கம்.

மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் ஒரு கணக்கு.

நம் பக்கத்தில் கவிஞர் நினைவுக் கூட்டம் என்றால் இரண்டு மணி நேரம், 120 நிமிடம். குத்துவிளக்குக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் 8 நிமிடம். வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்று 2021-இல் அரசாணையே வந்துவிட்டது. மீதி ஏழும் தீப்பெட்டி தேடுவதிலும், ஃபேன் காற்றில் அணையும் திரியோடு மல்லுக்கட்டுவதிலும் போகிறது. வரவேற்பும் நன்றியும் 10. எட்டுப் பேருக்குப் பொன்னாடை, போட்டோக்காரர் "ஒருக்கா கூட" என்பதையும் சேர்த்து ஆளுக்கு ஒன்றரை நிமிடம், 12. ஆறு பேச்சாளர், ஆளுக்கு 15 நிமிடம் என்றால் 90. கூட்டிப் பாருங்கள், 120 வந்துவிட்டது. யாருக்காகக் கூடினோமோ அவர் பாட்டுக்கு ஒரு நிமிடமும் மிச்சமில்லை.

அந்த 90-லும் "அவர்களே, அவர்களே" என்று விளிப்பதற்கே ஆளுக்கு 3 நிமிடம், ஆக 18 போகிறது. அடிக்கு ஆறு சீர் வரும் அறுசீர் விருத்தம் ஒன்றை நிதானமாக வாசிக்க 25 விநாடி போதும். 18 நிமிடத்தில் நாற்பது விருத்தம் கேட்டிருக்கலாம். கவிமணி தேரூரில் 1876 ஜூலை 27-இல் பிறந்தார், 1954 செப்டம்பர் 26-இல் மறைந்தார் என்பதை ஆறு பேரும் ஆறு முறை சொல்வதற்கு, இது எவ்வளவோ மேல்.

ஆகவே ரசிகர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். ஆளுக்கு ஒரு பாட்டோடு வாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எடுத்தால் சீர் ஒன்று விழுந்திருக்கும், இல்லையென்றால் வேறொருவர் பாட்டு இவர் பேரில் வந்திருக்கும். கவிஞர் பெயரிலேயே தப்பு வருகிறது: அவர் தேசிக விநாயகம். "தேசிய விநாயகம்" என்று ஃப்ளெக்ஸில் அடித்துவிட்டு, கூட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஒரு எழுத்தின்மேல் தாள் ஒட்டுகிறோம்.

வாசிப்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. அறுசீர் விருத்தத்தை மூன்று மூன்று சீராக மடக்கி அச்சிடுவார்கள். தாளில் எட்டு வரி தெரியும், பாட்டில் இருப்பதோ நாலு அடிதான். மூன்றாம் சீரில் லேசாக நிறுத்தி ஆறாம் சீரில் மூச்சு வாங்க வேண்டும். எட்டு வரியிலும் ஒரே அளவு நிறுத்தினால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு கணம் விடுங்கள். அகவல், அதாவது ஆசிரியப்பா என்றால் நேர்மாறு: அடி முடிகிற இடத்தில் பொருள் முடியாது, பொருளைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டால் போதும்.

மருமக்கள்வழி மான்மியத்தை எடுப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனம் வைக்க வேண்டும். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போகும் முறைதான் மருமக்கள்வழி. அந்த முறையில் குடும்பத் தலைவரான காரணவருக்கு ஐந்தாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள் புலம்புகிற பாட்டு அது. மேடைகளில் அதைச் "சமூகச் சீர்திருத்தக் காவியம்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்து, அந்த முறையை மாற்ற 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்ததைச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மாமி அரசியற் படலத்தை வாய்விட்டு வாசித்தால்தான் அந்த அடுக்களைப் புகை நம் கண்ணில் ஏறும். அதை வானொலிச் செய்தி மாதிரி வாசிக்கக் கூடாது. நாஞ்சில் நாட்டு அம்மாமார் பேச்சு எப்படி ஏறி இறங்குமோ அப்படி வாசிக்க வேண்டும். அந்தக் குடும்ப முறையின் சொற்கள் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. காரணவன் என்றால் குடும்பச் சொத்தை ஆளும் மூத்த ஆண், அனந்தரவன் என்றால் அவனுக்குப் பின் உரிமை பெறும் மருமகன், அதாவது சகோதரி மகன் என்று வாசிக்கும் முன் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கினால் புலம்பல் பாடமாகிவிடும்.

ஆசிய ஜோதியில் ஆட்டுக்குட்டியோடு பிம்பிசாரன் வேள்விச்சாலைக்குப் புத்தர் போகும் பகுதியைப் பலரும் எடுப்பார்கள். அது நீளம். மன்னனிடம் பேசும் இடத்தை மட்டும் எடுங்கள். கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர் கவிமணி, காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர். ஆறு பேச்சாளரில் ஒருவராவது அதைப் பேசலாமே!

தாள் ஒருபக்கம் மட்டும் அச்சாகட்டும், எழுத்து 16 அளவு. போனைப் பார்த்து வாசிப்பதாக இருந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், திரை அணையாதபடி வையுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் இடை, வாய்க்கு நேரே வேண்டாம், சற்றே பக்கவாட்டில். நேரே வைத்தால் "ப" வரும்போதெல்லாம் வெடிக்கும். ஸ்பீக்கர் பெட்டி வாசிப்பவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் சத்தம் திரும்ப மைக்கிலேயே ஏறி ஊளையிடும். பெட்டிகள் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் வால்யூமைக் கூட்டாதீர்கள், ஊளைதான் கூடும். பத்து நிமிடம் பொறுங்கள், சாரல்தானே.

2026-இல் 150 ஆண்டு நிறையும் பிறந்தநாள் திங்கட்கிழமை, நினைவு நாள் சனிக்கிழமை. ஜூலையில் கூடுவதாக இருந்தால் முந்தின ஞாயிறு வசதி, ஆனால் அது ஆடி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்றுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் கப்பல் பாய்தான். வெளியே கட்டாமல் உள்ளே சின்னத் துணி பேனர் கட்டினால் போதும். படத்துக்குத் தோவாளை மாணிக்க மாலை ஒன்று போதும். அரளியும் நொச்சி இலையும் ஈரத்துணிக்குள் இருந்தால் மாலை வரை வாடாது. நூறு பேருக்குச் சுக்குக் காப்பி 12 லிட்டர் வரும். அதைத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். நடுவில் கொடுத்தால் கோப்பைச் சத்தத்தில் இரண்டு பாட்டு போகும். ஏழரைக்கு மேல் இழுக்க வேண்டாம். குலசேகரம், களியக்காவிளை பக்கம் பஸ் பிடிக்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு பாட்டு காதில் ஏறாது.

எனக்குத் தந்த பத்து நிமிடம் ஆயிற்று. அடுத்து வாசிக்கப்போவது ஆறாம் வகுப்புப் பிள்ளை. மைக் ஸ்டாண்டை ஒரு முழம் தாழ்த்துங்கள்.