செம்மண்ணுக்கு வந்த மலைமரம்

(பண்ருட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மழைக்காட்டு மரம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வாசலில் ஒரு அண்ணன் கேட்டார்: "நம்ம கடலூர் மாவட்டத்துல ஏதுங்க மழைக்காடு? முந்திரித்தோப்புதானே இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்வேலியில் வெட்டி எடுக்கிறோமே பழுப்பு நிலக்கரி, அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் நின்ற வெப்பமண்டலக் காடுதான். விழுந்து, மட்கி, மண்ணுக்குள் இறுகிக் கரியாகிவிட்டது. இன்னொரு பதிலை நீங்கள் வருகிற வழியிலேயே பார்த்திருப்பீர்கள். சாலையோரம் குவியல் குவியலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பலா.

பலா நம் ஊர் மரம் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் அதன் பிறந்த வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற, இலை முழுதாக உதிராத பசுமைமாறாக் காடு. பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் உணவு நான்கு என்று கபிலர் அடுக்கியபோது மூங்கில் அரிசி, வள்ளிக்கிழங்கு, தேன் இவற்றோடு பலாப்பழத்தையும் சேர்த்தார். ஏர் தொடாத மலைச்சரிவின் மரமாகத்தான் அந்தக் காலத்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த மலைக்காடுகளைப் பல்லாண்டாக ஆராய்ந்து வரைபடம் போட்ட இடமும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். மலைமரங்களின் காய்ந்த கிளைகளும் இலைகளும் கடற்கரை ஊரில் பத்திரமாக இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

மழைக்காட்டுப் பிறப்பின் அடையாளம் இந்த மரத்தின் உடம்பிலேயே தெரியும். மா நுனிக்கிளையில் காய்க்கிறது. பலா அடிமரத்தில் காய்க்கிறது, சில சமயம் வேரை ஒட்டியும் காய்க்கிறது. பத்து, இருபது, ஏன் நாற்பது கிலோ வரைக்கும் எடை வருகிற பழத்தை நுனிக்கிளை எப்படித் தாங்கும்? உயரமான காட்டில் யானை தன் தும்பிக்கைக்கு எட்டுகிற இடத்தில் பழம் இருந்தால்தான் கொட்டை ஊர்போகும். அடிமரத்தில் பூத்துக் காய்க்கிற இந்தப் பழக்கம் கோகோவுக்கும் உண்டு, அத்திக்கும் உண்டு. அத்தி, ஆல், அரசு எல்லாம் பலாவுக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். கிள்ளினால் பால் வருவதைப் பாருங்கள்.

பிள்ளைகளே, ஒரு பலாப்பழம் என்பது ஒரே பழம் இல்லை, தெரியுமா? ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்ததுதான் அந்த முள் உருண்டை. கருவுறாத பூக்கள்தான் சுளைக்கு நடுவே சடையாகக் கிடக்கின்றன.

சரி, மலைமரம் இந்தச் சமவெளியில் எப்படிப் பிழைத்தது? இங்கே மழை அங்குள்ளதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் நம்மிடம் மேட்டுச் செம்மண் இருக்கிறது. ஆழமான மண், தண்ணீர் தேங்காத மண். அதற்கு அடியில் நீர் பிடித்து வைக்கிற மணற்பாறை. புவியியல் புத்தகங்களில் அதற்குப் பெயரே கடலூர் மணற்பாறைதான். பலாவுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, வேருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் போதும். அந்த இரண்டும் இந்த மண்ணில் பொருந்திவிட்டன.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். பலா என்றால் நமக்குப் பழம். எத்தனை கிலோ, என்ன விலை, எந்த ஊருக்கு லாரி. அந்த மரத்தின் பாதியைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம். மறுபாதி அதன் கட்டை.

வெட்டின பலாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுற்று வெளுப்பாக இருக்கும், உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருக்கும். அந்த உள்கட்டையைத்தான் வைரம் என்கிறோம். காற்றுப் பட்டு நாளாக ஆக மஞ்சள் பழுத்துச் செம்பழுப்பாகிவிடும். கரையான் லேசில் தொடாது. அதனால்தான் நிலைக்கும் கதவுக்கும் உட்காரும் மனைக்கும் பலா போட்டார்கள். இந்த வைரத்தைச் சீவலாக்கிக் கொதிக்க வைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். பர்மாவிலும் தாய்லாந்திலும் புத்த பிக்குகள் காலங்காலமாகத் தங்கள் துவராடைக்கு அந்தச் சாயத்தைத்தான் ஏற்றினார்கள். நம் தோப்பில் நிற்கும் மரத்தின் நிறம் அது.

ஆனால் பலாவின் உச்சம் என்று நான் நினைப்பது மிருதங்கம். மிருதங்கம் செய்கிறவர்கள் "பண்ருட்டிக் கட்டை" என்று பெயர் சொல்லித் தேடுவார்கள். ஒரே கட்டை, சுமார் இரண்டடி நீளம். அதைக் குடைந்து, கடைந்து, நடுவில் பருத்து இரு முனையும் குறுகுகிற மாதிரி எடுக்க வேண்டும். பருமன் சரியாக நடுவிலும் இருக்கக் கூடாது, ஒரு பக்கம் தள்ளி இருக்க வேண்டும். வலது முகமான வலந்தலைக்கும் இடது முகமான தொப்பிக்கும் நாதம் வேறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டை முற்றாததாக இருந்தால் காயும்போது வெடிக்கும். வெளுப்பு அதிகம் இருந்தால் பூச்சி விழும். அப்புறம் தோலை மூட்டி, வார் பிடித்து, கரணை என்கிற கறுப்புப் பூச்சை இட்டு, அதை அடுக்கடுக்காகத் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களின் கை இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். மேடையில் வாசிப்பவருக்குக் கைதட்டுகிறோம். கட்டை கொடுத்த தோப்பையும் தோல் மூட்டிய கையையும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

தஞ்சாவூர் வீணையும் பலாதான். குடம், தண்டி, யாளிமுகம் மூன்றையும் ஒரே மரத்தில் ஒட்டில்லாமல் குடைந்தெடுத்தால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். அப்படி எடுக்க எவ்வளவு பருத்த, எவ்வளவு நேரான அடிமரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சமையலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூசு என்கிற பிஞ்சைப் பொரியல் செய்கிறோம், காயைக் குருமா வைக்கிறோம், கொட்டையைச் சுட்டுத் தின்கிறோம், கருவாட்டுக் குழம்பில் போடுகிறோம். தழை ஆட்டுக்கு, சக்கை மாட்டுக்கு. பாலைக்கூட விடவில்லை, அதைக் காய்ச்சிக் குருவி பிடிக்கக் கண்ணியில் தடவியவர்கள் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் நம் பாட்டிமாருக்கு மனப்பாடம்.

2011 டிசம்பர் 30. இந்தத் தேதியைச் சொன்னதும் பெரியவர்கள் முகம் மாறுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. தானே புயல் அன்று விடிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பின்னால் என் தாத்தா கொட்டை ஊன்றி வளர்த்த மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து கட்டினால்தான் கை எட்டும். அடுத்த வாரமே கட்டை வாங்க ஆள் வந்தார். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது யார் பேரம் பேசுவது? அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டோம். பாதிக்கு மேல் விறகாகத்தான் போயிருக்கும். அந்த அடிமரத்தில் எத்தனை மிருதங்கம் இருந்தது என்று பிறகுதான் யோசித்தேன். இன்றைக்கும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

புயலுக்குப் பிறகு நாம் மறுபடியும் நட்டோம். நம் ஜனங்களின் அந்த உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். பலரும் ஒட்டுக்கன்று வைத்தார்கள். சீக்கிரம் காய்க்கும், சுளை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும், கடன் இருக்கிற குடும்பத்துக்கு அது வேண்டும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டுமரத்தைக் குட்டையாகப் படரவிட்டுத்தான் வளர்க்கிறோம். நெடுநெடுவென்று நேராக ஓங்கி வைரம் பாய்வதற்குக் கொட்டைக்கன்றுதான் வேண்டும். இன்னொன்று, கொட்டையில் முளைத்த மரம் தாய்மரத்தை அப்படியே கொள்ளாது. ஒவ்வொன்றும் ஒரு தனி ருசி, தனி நிறம், தனிக் காலம். நம் கிராமங்களில் "தேன்பலா", "கிணத்தடிப் பலா" என்று மரத்துக்கு மரம் பேர் வைத்தார்களே, அந்த வகைகளெல்லாம் கொட்டையிலிருந்து வந்தவைதான். எல்லோரும் ஒரே ஒட்டை வைத்தால் புதிதாக ஒரு ருசி எங்கிருந்து பிறக்கும்?

அதனால் என் வேண்டுகோள் இதுதான். தோப்பு முழுக்க ஒட்டு வையுங்கள். வரப்போரத்திலும் வேலியோரத்திலும் இரண்டு கொட்டையாவது ஊன்றுங்கள். காய்ப்பதற்கு ஏழெட்டு வருஷம் ஆகும், கட்டைக்கு முப்பது நாற்பது வருஷம். உங்கள் பேரன் வெட்டுவான், அல்லது வெட்டாமல் நிழலில் உட்காருவான்.

எப்படி ஊன்றுவது என்று சொல்லிவிடுகிறேன். பலாக்கொட்டையை நெல் மாதிரி காயவைத்துக் குதிரில் போட முடியாது. காய்ந்தால் செத்துவிடும். மழைக்காட்டுக் கொட்டைக்குக் காத்திருக்கத் தெரியாது, அங்கே எப்போதும் ஈரம் இருக்குமல்லவா? பழத்தை அறுத்த சில நாளுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். வழவழப்பைக் கழுவிவிட்டு, ஒரு அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். பையில் வளர்த்து அப்புறம் நடுவதைவிட நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுவது நல்லது. ஆணிவேர் நீளமாக இறங்கும், பை அதைச் சுருட்டிவிடும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் கொஞ்சம் நிழலும் கொடுங்கள். ஆடு வராமல் முள் கட்டுங்கள், ஆட்டுக்கு அந்தத் தழை அல்வா மாதிரி.

வாசலில் ஈரச்சாக்கில் கொட்டை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் புயலுக்கும் விழாமல் நின்ற ஒரே பழைய மரத்தினுடையது, நேற்றுச் சாயங்காலம் அறுத்த பழம். போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முதலில் போகட்டும்.