சின்னச் சில்லு, நீள ஓட்டம், சீற்றுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங்

எல்லாருக்கும் வணக்கம். காலை ஐந்தே முக்கால், கொழும்பில் வெள்ளவத்தை மரைன் டிரைவ். இந்த இரைச்சல் கடல், மைக்கில் பழுதில்லை. கொஞ்சம் பொறுங்கள், கோச்சி ஒன்று வருகிறது, அது போகட்டும்.

சரி. இன்றைக்குப் பாணந்துறைப் பாலம் வரை போய்த் திரும்புகிறேன். போக வரக் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். பெரிய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் முடிகிற வேலை. என்னுடையது 20 இஞ்சிச் சில்லு வைத்த மடிப்புச் சைக்கிள். போன வருடம் இதே பாதையில் போய் வந்து இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன். "ஏன் தம்பி, இருந்து சாப்பிடக் கூடாதோ?" என்று அம்மா கேட்டார். இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா? அதற்கு மருந்தாகச் சீற்றைத் தாங்குகிற குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்த ஒன்றைப் பூட்டியிருக்கிறேன், இன்றைய கதை அதைப் பற்றித்தான்.

இந்தச் சைக்கிளை வாங்கியது 2022இல், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில். டாகன் மடிப்புச் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ஹொன் ஒரு பௌதிகவியலாளர். அவருக்கும் இந்த யோசனை 1970களின் எண்ணெய் நெருக்கடியில்தான் வந்ததாம். ஆக, வரிசையில் நின்று சலித்தவர்களின் வாகனம் இது.

ஏன் இவ்வளவு குலுக்குகிறது என்று பார்ப்போம். வீதியில் 15 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது என்று வையுங்கள். பெரிய சைக்கிளின் சில்லு அதற்குள் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இறங்கி ஏறும். என் சில்லு 12 மில்லிமீற்றர் இறங்கும். அதோடு, விளிம்பில் போய் மோதுகிற கோணமும் செங்குத்தாக இருக்கும். கிடங்கு ஒன்றுதான், அடி ஒன்றரை மடங்கு. சின்னச் சில்லுக்கு சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை விழுங்குகிற அமைப்பு, கட்டாயம் வேண்டும் என்பதை 1962இலேயே அலெக்ஸ் மோல்ற்றன் சொல்லிவிட்டார். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்து கொடுத்தவர் அவர். தன்னுடைய சின்னச் சில்லுச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்துத்தான் விற்றார். நாங்கள் வாங்குகிற சாதாரண மடிப்புச் சைக்கிளில் அது கிடையாது. அந்த வேலையைச் செய்வது எங்கள் முதுகெலும்பு.

சீற்றைத் தாங்குகிற குழாய்தான் சீற் போஸ்ற். அதனால் சஸ்பென்ஷன் வைத்த சீற் போஸ்ற் ஒன்று போடலாம் என்று முடிவெடுத்தேன். அவசரப்பட்டு ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இடைவெளிக்கு ஒரு ஷிம் போட்டால் சரி, தம்பி" என்றார். ஷிம் என்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஒல்லியான போஸ்ற்றைப் பருமனான குழாயில் இறுக்குவதற்கு அதைச் செருகுவார்கள். என் சைக்கிளின் சட்டத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, வேண்டியது 33.9 மில்லிமீற்றர் விட்டம், அவர் தந்தது 27.2. ஷிம் போட்டதும் இறுகியது உண்மைதான். ஆனால் அந்தப் போஸ்ற்றின் நீளம் 35 சென்ரிமீற்றர்! மடிப்புச் சைக்கிளில் சட்டம் தாழ்வு, போஸ்ற்தான் நீளம். என்னுடைய பழைய போஸ்ற் 58 சென்ரிமீற்றர். புதியதை அதன் எல்லைக்கோடு வரை, அதாவது இதற்கு மேல் இழுக்காதே என்று பொறித்த கோடு வரை, இழுத்தும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது, மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளை மாதிரி. கோட்டைத் தாண்டி இழுத்தால் சட்டமே வெடிக்கலாம். அந்தக் கோடு அழகுக்குப் போட்டது இல்லை.

இரண்டாவது கூத்து, ஓடும்போது சீற் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஷிம்மில் ஒரு வெட்டு இருக்கும், சட்டத்தின் குழாயிலும் ஒரு வெட்டு இருக்கும். இரண்டும் ஒரே நேராக நிற்க வேண்டும். நான் எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் செருகியிருந்தேன். இறுக்கி இறுக்கிக் கை நொந்ததுதான் மிச்சம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் முதலில் பழைய போஸ்ற்றைக் கழற்றிப் பாருங்கள். விட்டம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலோ எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலோ பொறித்திருக்கும். நீளத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். புறக்கோட்டைப் பக்கம் டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். "மடிப்புச் சைக்கிளுக்கு ஒன்று தாங்கோ" என்று மட்டும் கேட்டால் என் கதிதான். எனக்குச் சரியான நீளத்தில் கிடைக்கவில்லை, கடைசியில் வெளியிலிருந்து எடுப்பித்தேன்.

இதுதான் அது. கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். குழாய்க்குள் குழாய், உள்ளே ஸ்பிரிங். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமீற்றர் இறங்கும். இன்னொரு வகை இருக்கிறது, இரண்டு கைகள் வைத்து நடுவில் ரப்பர்க் கட்டை வைத்தது. கேன் கிரீக் நிறுவனத்தின் தட்பஸ்ரர் என்கிற போஸ்ற் அந்த வகை. சீற் கீழேயும் பின்னேயும் சேர்ந்து நகரும், உராய்வு குறைவு, சின்ன அதிர்வையும் விழுங்கும். குழாய் வகை அப்படி இல்லை. எங்கள் எடை நேர்கீழே அழுத்துகிறது, குழாயோ சரிவாக நிற்கிறது, அதனால் உள்ளே உரசும். சின்னக் குறுகுறுப்பு அப்படியே மேலே வரும், பெரிய அடிக்குத்தான் அசையும். உண்மையைச் சொன்னால் அந்தக் கைவகைதான் நல்லது. ஆனால் அது சீற்றுக்குக் கீழே நிறைய இடம் பிடிக்கும். மடித்தால் சீற் முழுக்க உள்ளே இறங்காது. மடித்து பஸ்ஸில் ஏற்றத்தானே இதை வாங்கினேன்? அதனால் குழாய் வகையே போதும் என்று விட்டேன்.

ஆட்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இது. போஸ்ற்றை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். அடியில் எலன் கீ (அறுகோணச் சாவி) போடுகிற ஒரு மூடி தெரிகிறதா? வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டிவிட்டு, "ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். மேலே நகரும் குழாயில் ஒரு ரப்பர் பாண்டைச் சுற்றிக் கீழே தள்ளி வையுங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மெதுவாக ஏறி இருந்து, மெதுவாக இறங்குங்கள். ரப்பர் பாண்ட் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? மொத்த அசைவில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்தால் சரி. எனக்கு 78 கிலோ, 8 மில்லிமீற்றரில் நிற்கிறது. மூடியை இளக்கும்போது மட்டும் கவனம், அது குழாயின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. அப்புறம், ஏறி இருக்கும்போது சீற் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு அதை உயர்த்திப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் முழங்கால் நோகும்.

வாங்க, ஓடுவோம்.

...இப்போது மொறட்டுவை தாண்டியாயிற்று. காலி வீதியில் மேன்ஹோல் மூடிகள் கொஞ்சம் தாழ்ந்து கிடக்கும் இடங்கள் இருக்கின்றன, தெரியும்தானே. முன்பு அவற்றைக் கண்டதும் எழுந்து நின்றுவிடுவேன். இன்றைக்கு நான்கைந்தில் இருந்தபடியே ஏறி இறங்கினேன். "டக்" என்று வருவது "தொப்" என்று வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் 40 கிலோமீற்றருக்கு அது பெரிய வித்தியாசம். குறையும் இருக்கிறது. வேகமாக மிதித்தால் மேலும் கீழும் துள்ளுகிறது, கொஞ்சம் சக்தி அதில் போகிறது. கைகளுக்கு ஒரு உதவியும் இல்லை, உள்ளங்கை முன்பு போலவே விறைக்கிறது.

அதற்கு ரயர்தான் மருந்து. ஒல்லி ரயரைக் கழற்றிவிட்டு 2 இஞ்சி அகல ரயர் போட்டேன், காற்றழுத்தத்தை 60 psi இலிருந்து 45 psi க்கு இறக்கினேன். கையில் காசு குறைவு என்றால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், போஸ்ற் பிறகு பார்க்கலாம். இல்லை, அதையும் விட மலிவான வழி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டிய றலி சைக்கிளின் சீற்றுக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பிரிங் இருந்தது ஞாபகம். கல்லு றோட்டில் அரிசி மூட்டையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார், அது கீச்சுக் கீச்சென்று கத்தும். அப்படிப்பட்ட சீற் இப்போதும் கிடைக்கிறது. நீளமும் விட்டமும் பார்க்கத் தேவையில்லை, கழற்றிப் பூட்டினால் முடிந்தது.

பாணந்துறைப் பாலம். ஆறே கால் மணிக்கு வெளிக்கிட்டு இப்போது ஏழரை. நடுவில் பிளேன்ரீக்கு ஒரு தடவை நின்றேன், அதையும் கணக்கில் சேருங்கள். போஸ்ற்றைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பார்க்கிறேன்... கொஞ்சம் ஆடுகிறது. மேலே இருக்கிற வளையம் தளர்ந்திருக்க வேண்டும். புதிதில் அப்படித் தளரும், கையாலேயே இறுக்கலாம். கடற்கரை வீதியில் ஓடுகிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசுங்கள். உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

மேற்கே கறுக்கிறது. கமராவை உள்ளே வைக்கிறேன், நனைவதற்குள் திரும்ப வேண்டும்.