முளைக்காத புல்லுக்குத் தண்ணி

(மதுரையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் கோடை விழாப் பட்டிமன்றம். தலைப்பு: கோடையைப் பசுமையாகக் கழிக்கப் பெரிதும் கைகொடுப்பது பழைய பழக்கமா, புதிய பொருளா? ‘பழைய பழக்கமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணிக்கும், இந்த வெக்கையிலயும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். ஃபேனுக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற விழாக் குழுவினருக்குத் தனி வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் ஒரு மளிகை லிஸ்ட்டே வாசிச்சாரு. சோலார் விளக்கு, டைமர் வெச்ச சொட்டுநீர், நிழல்வலை, குரோ பேக், செயற்கைப் புல். “வாங்கி மாட்டுங்க, மாடி பசுமையாயிரும்”னாரு. அவர் செயற்கைப் புல்லுன்னு சொன்னதும் முன் வரிசையில ஒருத்தர் பொசுக்குன்னு தலையைக் குனிஞ்சாரு, கவனிச்சீங்களா? கட்டம் போட்ட சட்டை. எங்க வீட்டுக்காரர்.

போன வருஷம் சித்திரையில மொட்டைமாடியைத் தோட்டமாக்குறேன்னு கிளம்புனாரு. செடி வெக்கப் போறாருன்னு நம்பி நானும் மண்வெட்டியைத் தேடி எடுத்து வெச்சேன். வேன்ல வந்து இறங்குனது என்ன தெரியுமா? சுருட்டி வெச்ச பச்சைக் கம்பளம். பிளாஸ்டிக் புல்லு! ஆள் வெச்சு, பசை போட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒட்டிட்டாரு. சாயங்காலம் பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டாரு. ஒரு சித்தப்பா, “கொடைக்கானலா மாப்ள, எப்பப் போனீங்க?”ன்னு கேட்டாரு. மனுசனைக் கையில பிடிக்க முடியல.

மறுநாள் மத்தியானம். அக்னி நட்சத்திரம். காயப்போட்ட துணியை எடுக்கச் செருப்பு இல்லாம மாடிக்குப் போனாரு. முதல் அடி வெச்சாரு. இருங்க, அவசரப்படாதீங்க, நானே அவசரப்படல. முதல் அடி வெச்சாரு, ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது அடி வெச்சாரு. அங்க ஆரம்பிச்சது பாருங்க பரதநாட்டியம்! கொடிக்கம்பி வரைக்கும் ஒரு வர்ணம், திரும்பி வர ஒரு தில்லானா. அரங்கேற்றமே முடிஞ்சிருச்சு!

ஏன் அப்படிச் சுடுது? நிஜப் புல்லு வேர்ல தண்ணியை இழுத்து இலை வழியா ஆவியா விடும். ஆவி போகும்போது சூட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். பிளாஸ்டிக் எதைக் குடிக்க, எதை விட? வெயிலை வாங்கி வாங்கி வெச்சுக்கிச்சு. அதுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. ஹோஸை மாட்டி அந்தப் புல்லுக்குத் தண்ணி அடிச்சாரு. நடுவர் அவர்களே, முளைக்காத புல்லுக்கு! வளராத புல்லுக்கு! ஆடு வந்தாக்கூட மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிற புல்லுக்கு! 2019-ல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி போச்சே, மறந்துட்டமா? 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்படித் தண்ணி அனுப்புன நாட்டுல, பிளாஸ்டிக்குக்கு தாகம் தீர்க்கிறாரு எங்க வீட்டுக்காரர்.

கதை இன்னும் முடியல. கிராமத்துல இருந்து எங்க மாமியார் வந்தாங்க. வெயிலைப் பார்த்தா நமக்கு வேர்க்கும், அவங்களுக்குக் கை பரபரக்கும். விடியக்காலம் எந்திரிச்சு, அரிசி மாவுல கூழ் காய்ச்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, பழைய வேட்டியை நனைச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறுனாங்க. பார்த்தா தளத்தைக் காணோம்.

“ஏய்யா, இது என்ன?”

“புல்லும்மா. ஒட்டியிருக்கு, எடுக்க முடியாது.”

அந்தம்மா அசரல. புல்லு மேலயே வேட்டியை விரிச்சு, கரண்டி கரண்டியா கூழை ஊத்துனாங்க. வேட்டி சமமா நின்னாத்தானே? ஒவ்வொரு புல்லும் கீழே இருந்து குத்திக்கிட்டு நிக்குது. கூழ் மேட்டுல நிக்காமப் பள்ளத்துல இறங்கி, துணி வழியா கசிஞ்சு, புல்லோட போய் சம்பந்தம் பண்ணிக்கிச்சு. எப்பவும் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணி தெளிச்சா வத்தல் பட்டுப்பட்டுன்னு உரிஞ்சு வரும். இங்க திருப்பவே முடியல. ஒரு முனையை அவங்க பிடிச்சாங்க, ஒரு முனையை நான் பிடிச்சேன். இழுத்தோம். வந்துச்சு. வேட்டி, வத்தல், புல்லு, எல்லாம் ஒரே குடும்பமா வந்துச்சு!

தேறுனதைப் பொறுக்கி ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தோம். என் நாத்தனார் வீட்டுக்காரர் வந்தாரு. டப்பாவைத் திறந்தாரு. ஒரு வத்தலை எடுத்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. “அட, கொத்தமல்லி எல்லாம் கிள்ளிப் போட்டிருக்கீங்களே!”ன்னாரு. கொத்தமல்லி! நடுவர் அவர்களே, கொத்தமல்லி! “எனக்குக் கொஞ்சம் கட்டிக் குடுங்க”ன்னு வேற கேட்டாரு. நான் டப்பாவைப் பிடுங்குன வேகத்துல மனுசன் இன்னும் எங்க வீட்டுப் பக்கம் வரல. அண்ணே, நீங்க வாங்கி மாட்டச் சொன்ன பசுமை இதுதான். பல்லு இடுக்குல மாட்டிக்கும்.

சரி, வாதத்துக்கு வர்றேன். வரலாம்னுதான் இருந்தேன். ஆனா அண்ணன் போற போக்குல என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னாரு. “பழைய பழக்கம் பேசுற அம்மா காலையில சட்னியை அம்மியிலயா அரைச்சுட்டு வந்தாங்க? மிக்ஸியிலதானே?” நீங்களும் கைதட்டுனீங்க. முக்கியமா ஆம்பளைங்க பக்கம் பலமா கேட்டுச்சு.

அண்ணே, தலைப்பு கோடைக்காலம். சட்னி எங்க இருந்து வந்துச்சு? இருந்தாலும் கேட்டுட்டீங்க, பதில் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. எங்க வீட்ல மிக்ஸி இருக்கு. நல்லா ஓடுது. ஆனா இன்னைக்கு அதுல சட்னி அரைச்சது யாருன்னு கேட்டீங்களா? அந்தக் கட்டம் போட்ட சட்டை! புல்லு ஒட்டுன கைக்கு எங்க மாமியார் போட்ட தண்டனை அது. (கைதட்டல்) போதும், தலையைத் தூக்குங்க, எல்லாரும் பார்க்கிறாங்க.

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு: “பழைய பழக்கம்னா பொம்பளைங்க இடுப்புல குடம். அது வேணுமா?” வேண்டாம்ணே! அந்தக் குடம் யாருக்கும் வேண்டாம். நாங்க கேட்கிற பழக்கம் குடம் சுமக்கிறது இல்ல, ஒரே தண்ணியை ரெண்டு வேலைக்கு வாங்குறது. அரிசி கழுவுன தண்ணி கறிவேப்பிலைக்கு, காய்கறி அலசுன தண்ணி கீரைக்கு. முத்தத்துல விழுந்த மழையை அண்டாவுல பிடிச்சாங்க நம்ம பாட்டிமாருங்க. அதையே ஒவ்வொரு வீடும் செய்யணும்னு 2003-ல அரசாங்கம் சட்டம் போட வேண்டியதாப் போச்சு. அரிசி கழுவுன தண்ணியை ஆம்பளை எடுத்துட்டுப் போனா வழியில கொட்டிருமா? மீசையில ஒட்டிக்குமா? பழக்கம் பழசு, ஆளை மாத்துங்க. சண்டை தீர்ந்துச்சு.

சொட்டுநீர் புதுசுன்னு சொன்னீங்க. வயலுக்கு அது வரம், அதுல தகராறே இல்ல; சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியமே குடுக்கிறாங்க. ஆனா புதுசா? அக்னி நட்சத்திரத்துல சிவன் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்க. லிங்கத்துக்கு மேல தாரா பாத்திரம் தொங்கும், சொட்டு சொட்டா விழும். டைமரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. நாலு தொட்டி வெச்சிருக்கிற மாடிக்கு அது கூட வேண்டாம். பூச்சு இல்லாத சின்ன மண்கலயத்தைக் கழுத்து வரைக்கும் தொட்டி மண்ணுல புதைங்க. தண்ணி ஊத்தி மூடுங்க. மண்ணு காயக் காயத்தான் கலயம் கசியும். ஈரமா இருந்தா கம்முனு இருக்கும். மேல காஞ்ச சருகைப் பரப்பி மூடாக்குப் போடுங்க. தெருவுல சருகைக் கூட்டித் தீ வெச்சு ஊரையே இரும வைக்கிறோமே, அதே சருகுதான்.

செடியும் அப்படித்தான். அக்னி நட்சத்திரத்துல மதுரை மாடியில காலிஃபிளவர் வெச்சு, அதுக்கு வலை கட்டி, டானிக் ஊத்தி, ஆஸ்பத்திரி நடத்துறோம். கொத்தவரை, வெண்டை, தண்டங்கீரை, இதெல்லாம் இந்த வெயிலைப் பார்த்துச் சிரிக்கிற சாதி. ஆனா தொட்டிக்கு அடியில தட்டு வெச்சுத் தண்ணி தேக்காதீங்க. டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். இது ரெண்டு அணிக்கும் பொதுவான அறிவுரை, மார்க் வேண்டாம்.

ஏசியைப் பத்தி அண்ணன் பெருமையா பேசுனாரு. 2020-ல இருந்து புது ஏசியெல்லாம் 24 டிகிரியில வெச்சே வருது, கரன்ட் மிச்சம்னாரு. வாஸ்தவம். அது சொட்டுற தண்ணியை வாளியில பிடிச்சுச் செடிக்கு ஊத்தலாம், அதையும் நானே சொல்றேன். ஆனா உள்ள இருந்து உறிஞ்சுன சூட்டை அது எங்க கொண்டு போய்க் கொட்டுது? வெளியில. தெருவுல.

தெருவுல யாரு இருக்கா? எங்க தெருவுக்கு ஒரு கீரைக்காரம்மா வருவாங்க. தலையில கூடை, அது மேல ஈரச்சாக்கு. சும்மாடு நனைஞ்சு தண்ணி காது ஓரமா வடியும். அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு திண்ணை இருந்துச்சு. திண்ணையோரம் மண்பானையில தண்ணி, மேல ஒரு தட்டு, ஒரு சொம்பு. யாரு எவருன்னு கேட்கிறதில்ல. இன்னைக்குத் திண்ணையை இடிச்சு கார் நிறுத்திட்டோம். பானை இருந்த சுவத்துல ஏசிப் பொட்டி மாட்டியிருக்கு. அந்தம்மா கூடையை இறக்கி வெச்சா, அனல் நேரா மூஞ்சியில அடிக்குது.

நம்ம ஊரு எப்படிப்பட்ட ஊரு? அழகர் ஆத்துல இறங்க வர்றாரு. சாமி வேர்த்து வர்றாருன்னு தோல் துருத்தியில தண்ணியைப் பீச்சிக் குளுமையாக்குற ஊரு. சாமியைப் பார்க்க வந்த சனத்துக்கும் வேர்க்குமேன்னு வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் பானக்கமும் குடுக்கிற ஊரு. எங்க அப்பா ஒவ்வொரு சித்திரையும் அந்தப் பந்தல்ல நின்னு மோர் ஊத்துவாரு. சாமி பக்கத்துல வந்தாக்கூட கையை எடுக்க மாட்டாரு. “சாமி பார்க்கலையாப்பா?”ன்னு கேட்டா, “வரிசை நிக்குதும்மா”ம்பாரு. அவர் போனப்புறம் நான் ஒரு வருஷம் கூட அந்தப் பந்தலைத் தாண்டிச் சும்மா போனதில்ல...

மணி அடிக்கிறாங்க. முடிச்சிர்றேன். இன்னைக்குக் காலையில அந்தக் கீரைக்காரம்மா கேட்டாங்க, “பட்டிமன்றத்துல பேசப் போறியாமே தாயி, எதைப் பத்தி?” தலைப்பைச் சொன்னேன். கூடையை ஏத்திக்கிட்டே சொன்னாங்க: “பழசுன்னே சொல்லு. அப்ப திண்ணையில உக்காந்தா யாரும் எந்திரிம்மான்னு சொல்ல மாட்டாங்க.”

எனக்கு இதுக்கு மேல வாதம் இல்ல, நடுவர் அவர்களே. தீர்ப்பைப் பார்த்துச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.