சாகாதவர்களின் ஆயுள் கணக்கு

வணக்கம் நேயர்களே.

ரத்தக்காட்டேரிக்குச் சாவில்லை. கதையில் அது விதி. ஆனால் அந்தக் காட்டேரியை வைத்து எடுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு ஆயுள் உண்டு. 8 எபிசோடில் அடங்கிப்போன தொடரும் இருக்கிறது, 1,225 எபிசோட் ஓடிய தொடரும் இருக்கிறது. இந்த வகைத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், புதிதாக வந்திருப்பது எத்தனை சீசன் தாங்கும் என்ற பேச்சு வராமல் இருக்காது. அதற்குக் குறி பார்க்க வேண்டியதில்லை. ஓரளவுக்குக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

எதைக் கொண்டு அளப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். வருடத்தைக் கொண்டு அளந்தால் தப்பாகிவிடும். 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' 2019-ல் தொடங்கி 2024-ல் முடிந்தது. 6 சீசன், 61 எபிசோட். கேட்க நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அரைமணி நேரத் தொடர். விளம்பரத்தைக் கழித்தால் எபிசோடுக்கு 25 நிமிடம் என்று வையுங்கள், மொத்தமே 25 மணி நேரம் சொச்சம். 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' தொடரில் ஒரு முழு சீசன் 22 எபிசோட், எபிசோடுக்கு 43 நிமிடம் போல, ஏறக்குறைய 16 மணி நேரம். முன்னதன் ஆறு சீசனும் பஃபியின் ஒன்றரை சீசனுக்குத்தான் சமம். பிபிசியும் நெட்ஃபிளிக்ஸும் 2020-ல் கொடுத்த 'டிராகுலா' மூன்றே எபிசோட், ஒவ்வொன்றும் 90 நிமிடம், நாலரை மணி நேரத்தோடு சரி. ஆகவே சீசனை எண்ணாதீர்கள், எபிசோடை எண்ணுங்கள். அதையும் மணியாக மாற்றிப் பாருங்கள்.

இந்த அளவில் அசைக்க முடியாத முதலிடம் 'டார்க் ஷேடோஸ்' தொடருக்கு. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வார நாட்களில் தினமும் பிற்பகல் அரைமணி நேரம். ஐந்து வருடம்கூட நிறையவில்லை. ஆனால் 1,225 எபிசோட், சுமார் 450 மணி நேரம். கடைசி எபிசோடின் எண் 1,245 என்று இருக்கும். செய்திக்காகவும் விடுமுறைக்காகவும் ஒளிபரப்பு நின்ற நாட்களில் எண்ணைத் தாண்டிப் போனதால் வந்த வித்தியாசம் அது. எண்ணிக்கை பற்றி யாராவது உங்களோடு வாதிட வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அந்தத் தொடர் தொடங்கியபோது அதில் காட்டேரியே கிடையாது. பழைய மாளிகை, மர்மம், குடும்ப ரகசியம், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தபோது, 1967 ஏப்ரலில், சவப்பெட்டியிலிருந்து பார்னபாஸ் காலின்ஸ் எழுந்து வந்தார். நடித்தவர் ஜொனாதன் ஃப்ரிட். கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போக வேண்டிய பாத்திரம், தொடரின் கடைசிவரை நின்றது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். நியூயார்க்கில் ஸ்டூடியோவுக்குள் வீடியோ டேப்பில் ஒரே மூச்சில் எடுப்பார்கள். வசனம் தடுமாறினாலும், செட் ஆடினாலும், அது அப்படியே ஒளிபரப்பாகும். அந்தச் சிக்கனம் இல்லாமல் 1,225 சாத்தியமே இல்லை. அதே கதையை என்பிசி 1991-ல் பெரிய செலவில், வாரத் தொடராக மறுபடி எடுத்தது. ஜனவரி 13 அன்று தொடங்கியது. அதே வாரம் வளைகுடாப் போர் மூண்டது. செய்திக்காக எபிசோடுகள் தள்ளிப் போயின, நேரம் மாறியது, 12 எபிசோடோடு நின்றது.

இனி பணத்துக்கு வருவோம், ஆயுளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பழைய அமெரிக்க முறையில் சேனல் கொடுக்கும் கட்டணம் தயாரிப்புச் செலவை ஈடுகட்டாது. தயாரிப்பு நிறுவனம் ஒவ்வொரு எபிசோடிலும் கையைக் கடித்துக்கொண்டுதான் எடுக்கும். போட்ட பணம் மறுஒளிபரப்பு விற்பனையில்தான் திரும்பும். மறுஒளிபரப்பு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள். 100 எபிசோட் இருந்தால் 20 வாரம், ஒன்றுகூடத் திரும்பாமல் ஓட்டலாம். அதனால்தான் அந்தத் தொழிலில் 100 என்பது மந்திர எண். குறைந்தபட்சம் 88, அதாவது நான்கு சீசன், சீசனுக்கு 22. மூன்றாம் சீசனை முடித்துவிட்ட தொடரிடம் 66 எபிசோட் கையில் இருக்கும். இன்னும் ஒரே ஒரு சீசன் கிடைத்தால் விற்பனைக்கு வந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் விலையைக் குறைத்தாவது நாலாவதை வாங்கிவிடுவார். அந்தக் காலத் தொடர்களில் மூன்றைத் தாண்டியவை பெரும்பாலும் ஐந்துக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

பஃபியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1997 மார்ச்சில், சீசன் நடுவில், இடத்தை நிரப்ப வந்த தொடர். முதல் சீசன் 12 எபிசோட்தான். பிறகு 22 வீதம் நான்கு சீசன். கூட்டினால் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோட் சரியாக 100-ஆவது. அதில் கதாநாயகி இறக்கிறாள், கல்லறை காட்டப்படுகிறது. விலை விஷயத்தில் டபிள்யூபி சேனலுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒத்துவரவில்லை, தொடர் யூபிஎன் சேனலுக்குப் போனது. அங்கே இரண்டு சீசன், மொத்தம் 144. அதன் கிளைத்தொடரான 'ஏஞ்சல்' ஐந்து சீசன், 110. இரண்டும் நூறைத் தாண்டியவை.

நூறை எட்டாமல் விழுந்தவற்றில் பலவும் கதையால் விழவில்லை. 'மூன்லைட்' 2007 செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் வந்தது. நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், பிப்ரவரி வரை நீடித்தது. முதல் சீசனிலேயே பல மாதம் இடைவெளி விழுந்தால், பார்த்துப் பழகாத கூட்டம் கலைந்துவிடும். 16 எபிசோடோடு போய்விட்டது. நல்ல தொடர், இன்னும் அதற்காக வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணத்துக்கு அடுத்தது கால்ஷீட். கலிஃபோர்னியா சட்டப்படி ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் ஏழு வருடத்துக்கு மேல் கட்டிவைக்க முடியாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்துக்கு எதிராக 1944-ல் பெற்ற தீர்ப்பு அதை உறுதிசெய்தது. தொடர் ஒப்பந்தங்கள் அந்த வரம்புக்குள்தான், பெரும்பாலும் ஆறு, ஆறரை வருடத்துக்குப் போடப்படுகின்றன. ஆறாவது சீசன் முடியும்போது முதன்மை நடிகர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைகழுவிக்கொள்ளலாம், அல்லது பெரிய சம்பளம் கேட்கலாம். பஃபி ஏழில் நின்றது, பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர் போதும் என்று சொல்லிவிட்டார். 'ட்ரூ பிளட்' ஏழு, 80 எபிசோட். 'த வேம்பயர் டைரீஸ்' தொடரில் நினா டோப்ரெவ் ஆறாம் சீசனோடு விலகினார். அது இன்னும் இரண்டு சீசன் நடந்து 171 எபிசோடில் முடிந்தது. கதாநாயகி இல்லாத அந்த இரண்டு சீசனில் வண்டி ஓடியது, ஆனால் இழுவை தெரிந்தது. கடைசி எபிசோடுக்கு அவரையே திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

மற்ற தொடர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் காட்டேரித் தொடருக்கு உண்டு. பாத்திரத்துக்கு வயதாகக் கூடாது, நடிகருக்கு ஆகும். வேம்பயர் டைரீஸில் ஸ்டீஃபன் என்றைக்கும் 17 வயது. நடித்த பால் வெஸ்லிக்குத் தொடங்கும்போது 27, முடியும்போது 34. ஏஞ்சலாக வந்த டேவிட் போரியானஸுக்கு 1997-ல் 27, 2004-ல் 35. தாடை அகலும், கன்னம் மாறும். மேக்கப்பும் வெளிச்சமும் நாலைந்து வருடம் காப்பாற்றும், அதற்கு மேல் பார்ப்பவர்தான் பெரியமனது பண்ண வேண்டும். குழந்தைக் காட்டேரி என்றால் நிலைமை இன்னும் கடினம். 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' நாவலில் குளோடியாவுக்கு 5 வயது. 2022-ல் ஏஎம்சி எடுத்த தொடரில் அவளை 14 வயது ஆக்கினார்கள், வளர்ந்த நடிகையைப் போட முடிந்தது. அப்படியும் இரண்டாம் சீசனில் நடிகை மாறினார்.

இன்னொன்று வெயில். காட்டேரி பகலில் வெளியே வராது என்றால் பாதிப் படப்பிடிப்பு இரவில். தொழிலாளர்களுக்கு ஒரு நாள் வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓய்வு கொடுத்தாக வேண்டும். அதனால் திங்கள் காலை தொடங்கும் வாரம் நாளுக்கு நாள் பின்னுக்கு நகர்ந்து, வெள்ளி இரவு ஷூட்டிங் சனி விடியலில் முடியும். ஒரு மணி நேர எபிசோடுக்கு எட்டு நாள், வருடத்துக்கு 22 எபிசோட் என்றால் இதை யாரும் நெடுநாள் தாங்கமாட்டார்கள். நீடித்த தொடர்கள் எல்லாம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவை. வேம்பயர் டைரீஸில் லாபிஸ் லாசுலி நீலக்கல் மோதிரம். அதை அணிந்தால் வெயில் சுடாது, பள்ளிக்கூடக் காட்சிகளைப் பட்டப்பகலில் எடுக்கலாம். 'ஏஞ்சல்' ஐந்தாம் சீசனில் அலுவலகச் சன்னலுக்கு வெயிலின் தீங்கை வடிகட்டும் கண்ணாடி. ட்ரூ பிளட் பெரும்பாலும் விதியைத் தளர்த்தவில்லை, ஆனால் மனிதப் பாத்திரங்களை நிறைய வைத்து, மெர்லாட்ஸ் உணவகத்தில் பகல் பொழுதை ஓட்டியது.

இப்போது கதை. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். மனிதப் பெண்ணும் காட்டேரியும் காதலிக்கும் கதைக்கு மூன்று சீசன்தான் உயிர். பஃபியில் மூன்றாம் சீசன் கடைசியில் ஏஞ்சல் ஊரைவிட்டே போகிறான். ட்ரூ பிளட் மூன்றாம் சீசன் கடைசியில் காட்டேரிக் காதலன் பில் தன்னை ஏமாற்றியதை அறிந்து கதாநாயகி சூக்கி அவனை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறாள். வேம்பயர் டைரீஸ் மூன்றாம் சீசன் கடைசியில் கதாநாயகி எலெனாவே காட்டேரியாகிறாள். வெவ்வேறு எழுத்தாளர்கள், வெவ்வேறு சேனல்கள், மூன்றும் ஒரே இடத்தில் திரும்புகின்றன. இது தற்செயல் இல்லை. அந்தக் காதலில் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இவன் சாகமாட்டான், இவள் செத்துவிடுவாள், என்ன செய்வது? பிரிவது, மாறுவது, ஏமாற்றம். பதில்கள் அவ்வளவுதான். முப்பது முதல் எழுபது எபிசோடுக்குள் அவை தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு தொடரைத் தூக்கி நிறுத்துவது இடமும் தொழிலும். பஃபிக்கு, பிசாசுகளை வரவழைக்கும் வாசல் மேலேயே கட்டப்பட்ட ஊர். ஏஞ்சலுக்குத் துப்பறியும் அலுவலகம். 1992-ல் தொடங்கிய கனடியத் தொடர் 'ஃபாரெவர் நைட்', டொரொண்டோவில் இரவுப் பணி பார்க்கும் போலீஸ்காரக் காட்டேரி. வழக்கு தானாக வரும், கதை தேடி அலைய வேண்டியதில்லை. தொடக்கத்தில் சிபிஎஸ் நள்ளிரவு நேரத்தில் ஓடி, பிறகு கைமாறி, 70 எபிசோட் கண்டது. வேம்பயர் டைரீஸ் மூலக் காட்டேரிக் குடும்பத்தைக் கொண்டுவந்து அதற்குத் தனி வீடு கட்டிக்கொடுத்தது: 'த ஒரிஜினல்ஸ்' 92 எபிசோட், பிறகு 'லெகசீஸ்' 68. மூன்றும் சேர்த்து 331, 2009 முதல் 2022 வரை.

தொழிலும் இடமும் இல்லாதபோது எழுத்தாளர்கள் செய்யும் தவறு, புதுப் புது இனங்களைச் சேர்ப்பது. காட்டேரிக்கு மேல் ஓநாய் மனிதன், அவனுக்கு மேல் சூனியக்காரி, அவளுக்கு மேல் தேவதை. ட்ரூ பிளட் இதில் மாட்டிக்கொண்டது, ஆரம்பத்தில் இருந்த சிற்றூர் வாழ்க்கையின் நெருக்கம் கரைந்துபோனது. இதைவிடப் பெரிய தவறு, செத்தவர்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது. ஒருமுறை செய்தால் அழுகை வரும். நாலாவது முறை யார் செத்தாலும் பார்ப்பவர் அசையமாட்டார்.

பிரிட்டனில் கணக்கே வேறு. சீசனுக்கு ஆறோ எட்டோ எபிசோட்தான். 'பீயிங் ஹ்யூமன்' ஐந்து சீசன் போயும் 36. ஒரே வீட்டில் காட்டேரி, ஓநாய் மனிதன், ஆவி. மூன்றாம் சீசனோடு காட்டேரியாக நடித்த எய்டன் டர்னர் விலகினார், நாலாவதில் மற்ற இருவரும். ஐந்தாவதில் மூவரும் புதியவர்கள், ஒரே வீட்டில் மூவர் என்ற அமைப்பு மட்டும் பாக்கி. அப்படியும் அந்தச் சீசன் நன்றாகவே இருந்தது. அந்த அமைப்புதான் கதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓடிடி வந்த பிறகு 88, 100 எல்லாம் செல்லாக்காசு. தளமே முழுச் செலவும் ஒரு லாபத் தொகையும் கொடுத்து வாங்கிவிடுகிறது, மறுவிற்பனைக்காகக் காத்திருக்கும் தயாரிப்பாளர் இல்லை. நாலாம் சீசனுக்காக மன்றாட யாருக்கும் காரணமும் இல்லை. சம்பளம் சீசனுக்குச் சீசன் ஏறும், புதுச் சந்தாதாரர் வருவது குறையும். நெட்ஃபிளிக்ஸில் 'ஃபர்ஸ்ட் கில்' 2022 ஜூனில் 8 எபிசோடோடு வந்தது, ஆகஸ்டில் ரத்து. அதே வருடம் பீகாக் தளத்தில் வந்த 'வேம்பயர் அகாடமி' 10 எபிசோடோடு முடிந்தது. இங்கே பிழைப்பவை நாவல் எண்ணிக்கைக்கு அளந்து வெட்டியவை. 'எ டிஸ்கவரி ஆஃப் விட்சஸ்' மூன்று நாவல், மூன்று சீசன், 25 எபிசோட், முழுசாக முடிந்தது.

ஆக, புதுத் தொடர் ஒன்று வந்தால் முதல் இரண்டு எபிசோடிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை: யார் பணம் போடுகிறார்கள், அவர்களுக்கு மறுவிற்பனை உண்டா? பகல் காட்சிக்கு வழி வைத்திருக்கிறார்களா? காதல் ஜோடியை எடுத்துவிட்டால் அந்த வீட்டிலோ அலுவலகத்திலோ அடுத்த வாரம் நடக்க ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்றால், முதல் சீசனைத் தனிக் கதையாக நினைத்துப் பாருங்கள், கடைசிக் காட்சியில் விடும் முடிச்சுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது ஏஎம்சியின் 'இன்டர்வியூ வித் த வேம்பயர்'. முதல் சீசன் 7, இரண்டாவது 8, இரண்டும் சேர்ந்து 15 எபிசோடில் முதல் நாவலை முடித்துவிட்டார்கள். மூன்றாவதற்குத் தொடரின் பெயரையே 'த வேம்பயர் லெஸ்டாட்' என்று மாற்றி, கதையை இதுவரை சொல்லிவந்த காட்டேரி லூயியிடமிருந்து, அவனைக் காட்டேரியாக்கிய லெஸ்டாட்டின் கைக்குக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் காதலை முறித்த அதே மூன்றாம் படியில், இவர்கள் கதை சொல்பவரை மாற்றுகிறார்கள். மூல நாவலாசிரியர் ஆன் ரைஸ் 1985-ல் வெளியிட்ட, இந்த வரிசையின் இரண்டாவது நாவல் அதற்குக் கைகொடுக்கிறது, அதற்கு அடுத்தும் நாவல்கள் வரிசையாக இருக்கின்றன.