பேக்கேஜ் மேனேஜரின் வெர்ஷனையும் கோடோடு சேர்த்து வையுங்கள்

[திரையில்: இரண்டு டெர்மினல்கள். ஒன்றில் பில்டு முடிந்திருக்கிறது, இன்னொன்றில் சிவப்பு எழுத்து]

கோவை சரவணம்பட்டியில் ஒரு குழு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கணக்குச் செயலி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் ஈரோட்டில் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். "எனக்கு ஓடுதுங்கண்ணா, உங்களுக்கு ஏன் ஓடல?" என்கிறார் போனில். இருவரிடமும் கோடு ஒன்றுதான். அதற்கான லைப்ரரிகளை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மின் வெர்ஷன் மட்டும் வேறு வேறு.

[திரையில்: பேக்கேஜ் லாக் ஃபைலின் முதல் வரிகள், வடிவ எண் பெரிதாக]

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் நோடு 14 உடன் வந்தது என்பிஎம் 6. எந்த லைப்ரரிக்கு எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை அது 1ஆம் வடிவத்தில் எழுதும். என்பிஎம் 9 அல்லது 10 வைத்திருப்பவர் அதே புராஜெக்டில் இன்ஸ்டால் கொடுத்தால் ஃபைல் 3ஆம் வடிவத்துக்கு மாறிவிடும். பழைய என்பிஎம் 6க்கு அந்த வடிவம் புரியாது. ஓர் எச்சரிக்கை காட்டும். பிறகு எந்த வெர்ஷன்கள் வேண்டும் என்று தானே புதிதாகக் கணக்குப் போட்டு, மறுபடி 1ஆம் வடிவத்தில் எழுதிவிடும். கமிட்டில், அதாவது சேமித்து அனுப்பும் மாற்றத்தில், ஆயிரக்கணக்கில் வரிகள் மாறியிருந்தால் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அந்தக் கூட்டத்தில் ஒரு லைப்ரரி சத்தமில்லாமல் ஒரு படி ஏறியிருக்கும்.

இன்னொன்று. 2020இல் வந்த என்பிஎம் 7 முதல், பியர் டிபென்டென்சிகள், அதாவது ஒரு லைப்ரரி தன்னோடு கூடவே இருக்க வேண்டும் என்று கேட்கும் மற்ற லைப்ரரிகள், தானாக இன்ஸ்டால் ஆகின்றன. ஒன்றோடொன்று மோதினால் இன்ஸ்டாலே நின்றுவிடும். என்பிஎம் 6 வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

திருப்பூரில் நிறம் ஒன்றாக இருந்தாலும் சாய லாட் வேறாக இருந்தால், உடம்புக்கும் கைக்கும் கலந்து வெட்ட மாட்டார்கள். லாட் நம்பர் துணியோடேயே போகும். வெர்ஷன் எண்ணும் அப்படிக் கோடோடு போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சொல்லி வைப்பது போதவே போதாது.

[திரையில்: பேக்கேஜ் டாட் ஜேசன், 'பேக்கேஜ் மேனேஜர்' வரி]

என்பிஎம்முக்குப் பதில் பிஎன்பிஎம் அல்லது யார்ன் என்ற பேக்கேஜ் மேனேஜர் என்றால், புராஜெக்டின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ் டாட் ஜேசனில் 'பேக்கேஜ் மேனேஜர்' என்ற வரியில் பெயரையும் முழு எண்ணையும் எழுதுங்கள். '10க்கு மேல்' என்பதெல்லாம் அங்கே செல்லாது. கோர்பேக் என்ற கருவி அந்த வரியைப் படித்து, சரியாக அதே வெர்ஷனை இறக்கி ஓட்டும். பிஎன்பிஎம் புராஜெக்டில் தவறி யார்ன் என்று தட்டினால் ஓட்டவே மறுத்துவிடும். பிஎன்பிஎம் 10க்கு கோர்பேக்கும் தேவையில்லை. அந்த வரியைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ளும்.

என்பிஎம் கதை வேறு. கோர்பேக்கைச் சும்மா இயக்கினால் அது என்பிஎம்மைத் தொடாது. அதனால் பேக்கேஜ் டாட் ஜேசனின் 'என்ஜின்ஸ்' பகுதியில் எண்ணைக் குறித்து, என்பிஎம்மின் செட்டிங்ஸ் இருக்கும் டாட் என்பிஎம்ஆர்சி ஃபைலில் 'என்ஜின் ஸ்ட்ரிக்ட்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது வேலையைத்தான். அது இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும், வேலை நிற்காது.

கோடைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். அது லாக் ஃபைலைத் திருத்தாது. பேக்கேஜ் டாட் ஜேசனோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

[திரையில்: சிஐ ஃபைல், கோர்பேக் இன்ஸ்டால் வரி]

கடைசியாக, நோடு 25 முதல் கோர்பேக் கூடவே வருவதில்லை. நோடை உயர்த்தும் அன்றே, கோர்பேக்கைத் தனியாக இன்ஸ்டால் செய்யும் வரியை சிஐ ஃபைலிலும், புதிதாகச் சேருபவர் படிக்கும் ரீட்மியிலும் சேர்த்துவிடுங்கள்.