பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொன்னதும், இந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "சாமி வந்து ஆடுவார்களே, அந்த மாதிரியா?" சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அந்தக் கேள்வியில் தப்பொன்றும் இல்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, கேட்பவரின் மனத்தை மெல்ல இடம் பெயர்த்து, பிறகு சட்டென்று அடியை மாற்றுவதுதானே உடுக்கைக்காரர் செய்வது. டிரான்ஸ் என்ற சொல்லுக்கே மருள் நிலை என்றுதான் பொருள். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த இசை வந்து சேர்ந்த வழி வேறு. 2006ஆம் ஆண்டு சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க மருத்துவர்கள் முணுமுணுவென்று பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இரவெல்லாம் முகம் தெரியாத யாருடைய சிறுநீரகக் கல்லையோ மூட்டுவலியையோ காதில் வாங்கிக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலையில் பஸ் ஏறும்போது, மனிதக் குரல் எதுவும் வேண்டாம் என்றிருக்கும். சினிமாப் பாட்டுகூடப் பிடிக்காது. அதிலும் யாரோ எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலி நண்பர் ஒருநாள் ஒரு சி.டி.யை நீட்டினார். "கேளுங்கள், இதில் யாரும் பேச மாட்டார்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வாங்கினேன்.

விடுமுறை நாளில் அதை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, பேப்பர் படித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர். 'டும் டும் டும் டும்' என்று ஒரு நிமிடம் போயிற்று. ஒன்றரை நிமிடம் போயிற்று. அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, எரிச்சலே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: "ஏம்ப்பா, பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?"

அதற்குப் பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

பழைய வீடுகளுக்குத் திண்ணை உண்டல்லவா? டிரான்ஸ் பாட்டின் அந்த முதல் ஒன்றரை நிமிடம் திண்ணை. டி.ஜே. ஒருவர் இரண்டு மணி நேரம் இடைவெளியே விடாமல் பாட்டுக்குப் பின் பாட்டாகக் கோக்கிறார். முந்தைய பாட்டு போய்ச் சேரவும் அடுத்தது உள்ளே வரவும் ஓர் இடம் வேண்டும். அதற்காகவே பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஒன்றின் கடைசித் திண்ணையும் அடுத்ததன் முதல் திண்ணையும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இரண்டு பாட்டின் அடியும் இம்மி பிசகாமல் பொருந்தினால், எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றொன்று தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு பாட்டைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டால், அது ஊர்வலத்திலிருந்து ஒருவரை மட்டும் இழுத்து வந்து நிறுத்திக் கேட்பதுபோல.

உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் விஷயம். நிமிடத்துக்கு 130க்கு மேல், பலவற்றில் சரியாக 138 அடி. மூன்று நான்கு நிமிடம் அந்த அடி நிற்காமல் ஓடும். அடுக்கடுக்காக ஒலிகள் சேரும். திடீரென்று தாளம் முழுவதும் நின்றுபோகும். காலுக்குக் கீழே இருந்த தரையை எடுத்துவிட்டதுபோல இருக்கும். அங்கேதான், வெறும் வெளியில், மெட்டு முதன்முறையாக முழு உருவத்தோடு வரும். ரசிகர்கள் இதை 'பிரேக்டவுன்' என்பார்கள். நான் அப்பாவிடம் சொன்னது இது: தாளமில்லாமல் விருத்தம் பாடுகிறார்கள், கேட்டு நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம், அது முடிந்து கீர்த்தனை எடுத்ததும் மிருதங்கம் வந்து சேருகிறது, அந்த ஓர் அடிக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அந்த இடத்துக்காகவே கட்டப்பட்ட இசை இது. அப்பா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்வதை அன்றோடு விட்டார்.

அந்த மெட்டு வரும்போது கேட்கும் ஒலிக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1996இல் ஜே.பி. 8000 என்றொரு சிந்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவியை, கொண்டுவந்தது. அதில் 'சூப்பர்சா' என்று ஓர் ஒலி. ஒரே சுரத்தை ஏழு அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு சுருதி விலக்கி, சேர்த்து ஒலிக்க விடுவார்கள். பஜனை மடத்தில் ஏழு பேர் ஒரே சுருதியில் பாட முயன்று ஆளுக்குக் கொஞ்சம் விலகினால் ஒரு நிறைவு வருகிறதே, ஒருவரே கச்சிதமாகப் பாடினால் வராதே, அதுதான் இது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த டிரான்ஸ் பாட்டுகளில் அந்த ஒலிதான் வானத்தைத் திறக்கிறது. கேலி செய்பவர்கள் எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணமும் அதுதான் என்பார்கள். பாதி உண்மை.

இது ஜெர்மனியில் வேர்விட்ட இசை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் அதன் தொட்டில். அங்கே டோரியன் கிரே என்று ஒரு நடனக்கூடம் இருந்தது, அதுவும் விமான நிலையத்துக்குள்ளேயே. ஒரு பக்கம் பெட்டியை உருட்டிக்கொண்டு பயணிகள் போவார்கள், இன்னொரு பக்கம் விடிய விடிய ஆட்டம். கோவாவில் அஞ்சுனா கடற்கரையில் ஹிப்பிகள் வளர்த்த கிளை வேறு. அங்கே வெயிலில் வினைல் இசைத்தட்டுகள் வளைந்துவிடும் என்பதால் டேப்பிலிருந்து இசைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல். அந்தக் கிளை பிற்பாடு தன் போக்கில் போய்விட்டது. நான் அதன் ரசிகன் இல்லை, ஆகவே அதைப் பற்றி அதிகம் சொல்வது நியாயமில்லை.

ஒரு பாட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் இத்தாலியில், சனிக்கிழமை இரவு நடனக்கூடங்களிலிருந்து களைத்துப்போய், வெறியடங்காமல் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய இளைஞர்கள் விபத்துகளில் இறந்துகொண்டிருந்தார்கள். அது ஒரு தேசியத் துயரம் என்று பேசப்பட்ட காலம். ராபர்ட் மைல்ஸ் என்ற இசைக்கலைஞர், இரவின் கடைசியில் போடுவதற்காக, ஆட்டத்தை ஏற்றாமல் ஆடியவர்களைத் தணித்து அனுப்பும் ஒரு மெட்டை எழுதினார். மெதுவான பியானோ. 1995இல் வெளிவந்த 'சில்ட்ரன்' என்ற அந்தப் பாட்டு அடுத்த ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முதலிடத்தில் இருந்தது. பிள்ளைகள் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒரு நடனப் பாட்டு! இரவு வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு இந்தக் கதை தெரியாது. ஆனாலும் அது என்னை வீட்டுக்கு அனுப்புகிறது என்பது மட்டும் தெரிந்தது.

வானொலியில் பேசும்போது வானொலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாமா? என்னைப்போன்றவர்களுக்கு இந்த இசை நடனக்கூடத்திலிருந்து வரவில்லை, வானொலியிலிருந்துதான் வந்தது. நெதர்லாந்துக்காரர் ஆர்மின் வான் பியூரன், லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், 2001இல் 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' என்று வாரம் ஒருமுறை இரண்டு மணி நேர நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2021 ஜனவரியில் அது ஆயிரமாவது வாரத்தைத் தொட்டது. அப்போது வியாழக்கிழமை, அவர்கள் ஊரில் இரவு எட்டு மணி. நமக்கு அது கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. அவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பது முதல் வருடம் எனக்குத் தெரியாது. அந்த வார வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேறு ஏதோ ஓடுகிறது. நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து, உண்மையாகவே கலங்கிப்போனேன். இப்போதும் எங்கள் வீட்டில் ஐரோப்பாவின் கடிகாரம் மாறும் தேதி எனக்கு மட்டும் நன்றாக நினைவிருக்கும். மனைவியின் பிறந்தநாள் அதே வாரத்தில் வருவதை நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

இந்த நிகழ்ச்சியை நான் கேட்டது இணையம் வழியாகத்தான். அந்த நாட்களில் வீட்டு இணையத்தில் இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரைதான் கணக்கில்லாமல் பயன்படுத்தலாம். ஆகவே நேரலையில் கேட்பது ஆடம்பரம். பெரும்பாலும் அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து, நூறு எம்.பி.க்கு மேல் இருக்கும் அந்தப் பதிவை இறங்கவிட்டுவிட்டுத் தூங்குவேன். விடிந்து பார்த்தால் சில நாள் முழுதாக இருக்கும், சில நாள் முக்கால்வாசியில் நின்றிருக்கும். கடைசி அரை மணி நேரத்தை நான் கேட்டேயிராத வாரங்கள் பல உண்டு.

இந்த இசையின் ரசிகர்கள் தங்களை 'டிரான்ஸ் குடும்பம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. பிறகு புரிந்தது. நிகழ்ச்சியில் இன்னும் வெளியாகாத, பெயரும் சொல்லாத பாட்டுகள் வரும். பட்டியலில் அதன் இடத்தில் 'ஐ.டி.' என்று மட்டும் இருக்கும். அதன் பெயரைக் கண்டுபிடிப்பது ரசிகர்களின் வேலை. நான் நான்கு மாதம் ஒரு மெட்டைத் தேடி அலைந்தேன். 37ஆவது நிமிடத்தில் வரும் ஒரு பெண் குரல், சொல் இல்லாத முனகல். கடைசியில் அதைச் சொன்னவர் போலந்தில் லாரி ஓட்டுகிற ஒருவர். பாட்டின் பெயர், எந்த நிறுவனம், எப்போது வெளியாகும் எல்லாம் எழுதிவிட்டு, "அவசரப்படாதே, மார்ச் மாதம் வருகிறது" என்று முடித்திருந்தார். இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

2012 நவம்பரில் பெங்களூருவுக்குப் போனேன். 'அபவ் அண்ட் பியாண்ட்' என்ற பிரிட்டன் குழு, தங்களுடைய 'டிரான்ஸ் அரவுண்ட் தி வேர்ல்ட்' வானொலி நிகழ்ச்சியின் 450ஆவது பகுதியை அங்கே நேரடியாக நடத்தியது. அந்தப் பெயரில் அதுதான் கடைசிப் பகுதி. இவர்களுடைய இசை நிறுவனத்தின் பெயரே அஞ்சுனாபீட்ஸ். கோவாக் கடற்கரையின் பெயரை லண்டனுக்குக் கொண்டுபோனவர்கள், விடைபெறுவதற்கு இந்தியாவுக்கு வந்தார்கள். தேசியக் கொடி போர்த்தியவர்கள், தோளில் குழந்தையைப்போலத் தோழியைத் தூக்கிக்கொண்டவர்கள், என்னைப்போலத் தனியாக வந்து ஓரமாக நின்றவர்கள்.

அங்கே பார்த்த ஒரு காட்சி. பாட்டின் நடுவில் தாளம் நின்றது. பிரேக்டவுன். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அடுத்து நின்றவர், நாற்பது வயதிருக்கும், நிதானமாகக் கீழே குனிந்தார். அவிழ்ந்துபோயிருந்த ஷூ கயிற்றைப் பிரித்து, இழுத்து, முடிச்சுப் போட்டார். மற்ற ஷூவையும் ஒருமுறை சரிபார்த்தார். எழுந்து கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கையை உயர்த்தினார். அந்த நொடியில் தாளம் திரும்பி வந்து விழுந்தது. 138 அடி வேகத்தில் 128 அடிக்கு ஏறக்குறைய 56 விநாடி. தனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கவனித்துக்கொண்டிருந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது.

எல்லாம் இப்படியே என்று சொன்னால் பொய். நடனக்கூடங்களோடு போதை மாத்திரையும் வந்தது, உயிர்களும் போயின. ரசிகர்கள் அதை மூடி மறைக்கும்போது எனக்குக் கோபம் வரும். எங்கள் பாட்டுகளில் வரிகள் இருந்தால் பெரும்பாலும் படுமோசம்: வானம், நட்சத்திரம், நீ, நான், மறுபடியும் வானம். பெருமையும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு இசைத்தவர் டியெஸ்டோ என்ற டிரான்ஸ் டி.ஜே. அவர் சில வருடங்களில் டிரான்ஸை விட்டுவிட்டு வேறு பாணிக்குப் போனார். பெண்ணெடுத்த வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போன மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸ் செத்துவிட்டது என்று வருடத்துக்கு ஒருவர் அறிவிப்பார். அடுத்த வியாழக்கிழமை அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

உரையின் முடிவில் ஒரு பாட்டைப் போடலாம், ஆனால் ஒரு நிமிடம்தான் என்று நிலையத்தில் சொன்னார்கள். எட்டு நிமிடப் பாட்டில் எந்த ஒரு நிமிடம்? இரண்டு நாள் யோசித்தேன். பால் வான் டைக் இசைத்த 'ஃபார் அன் ஏஞ்சல்' பாட்டின் 1998ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்து வந்திருக்கிறேன். அவர் கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். நகரை இரண்டாகப் பிரித்த சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த, கேட்கக் கூடாத வானொலியை ஒளிந்து கேட்டு இசை பழகியவர். தாளம் நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். தாளம் திரும்புவதற்குள் செய்திக்கு நேரமாகிவிடும் என்கிறார் தயாரிப்பாளர். பரவாயில்லை, போடுங்கள் என்றேன்.

வணக்கம்.