மீசை போனதுதான் மிச்சம்

வணக்கம் மக்களே. முதலில் மீசை விவகாரத்தை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வேறு எதையும் பேச விடமாட்டீர்கள். ஆமாம், எடுத்துவிட்டேன். இருபது வருட மீசை. எல்லாம் அந்த சிபாப் மாஸ்க்கால். புதிதாக வந்தவர்களுக்கு: எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் மூச்சுத்தடை நோய், அதற்காகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் மெஷின்தான் சிபாப், ராத்திரி முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குவது அதன் மாஸ்க். ஒரு மாதமாக நடுராத்திரியில் புஸ்ஸென்று காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடிக்கிறது. மெஷின் பழுது என்று நினைத்தேன், குழாயை மாற்றினேன், பட்டையை இறுக்கி இறுக்கி மூக்கின் மேல் தடமே விழுந்துவிட்டது, கடைசியில் மீசைதான் இடைவெளி விடுகிறது என்று கமெண்டில் ஒருவர் சொன்னதை நம்பி வழித்தேன். அன்று ராத்திரியும் அதே புஸ்.

சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். இன்றைக்கு ரிப்போர்ட்!

போன வாரம் மெஷின் போடாமல் மறுபடியும் ஸ்லீப் டெஸ்ட் எடுத்தேன். முதல் டெஸ்டில் மணிக்கு 38 வந்தது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். தூங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 38 தடவை, தடவைக்குக் குறைந்தது 10 விநாடி, மூச்சு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைந்துவிடுகிறது என்று அர்த்தம். இப்போது 27. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கையை ஓங்கிக் குத்திக் கொண்டாடினேன், பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அட, எடையைச் சொல்லவே இல்லையே: 102 கிலோவிலிருந்து 92.

கணக்கும் பொருந்துகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சுமார் 700 பேரை வருடக்கணக்கில் கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தால் இந்த எண் சுமார் 26 சதவீதம் குறைகிறது. 10 சதவீதம் ஏறினால் 32 சதவீதம் கூடுகிறது. ஏறும்போது மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

தொப்பைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். கழுத்திலும் தொண்டைச் சுவரிலும் கொழுப்பு சேர்ந்தால் மூச்சுப் பாதை குறுகுகிறது. படுத்தால் வயிறு நுரையீரலை மேலே தள்ளுவதால், பாதையை இழுத்துப் பிடித்திருக்கும் விசையும் தளர்கிறது. எனக்குப் பிடித்த தகவல் நாக்கு. நாக்கிலும் கொழுப்பு சேரும்! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2020இல் சொன்னார்கள்: எடை குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததில் பெரிய பங்கு நாக்குக் கொழுப்பு கரைந்ததற்குத்தான். கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

இப்போது கோபம். ரிப்போர்ட்டைப் போட்டதும் "அப்போ மெஷினைத் தூக்கிப் போடுங்க" என்று ஒரே அட்வைஸ். 27 என்பது இன்னும் நடுத்தரம், 5க்குக் கீழே போனால்தான் இயல்பு. அதைவிட எரிச்சல், "குண்டா இருக்கறவங்களுக்குத்தான் இது வரும்" என்பவர்கள். தாடை சிறியதாகவோ பின்வாங்கியோ இருந்தால், டான்சில் பெரிதாக இருந்தால், ஒல்லியான ஆளுக்கும் வரும். அவர்கள் டெஸ்டுக்கே போகாமல் பகலெல்லாம் தூங்கி வழிவதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

அப்புறம் என் பக்கம் ஒரு தப்பு. மெஷின் போட்டால் தானாக இளைத்துவிடும் என்று பழைய வீடியோவில் அளந்துவிட்டேன். தூக்கம் கெட்டால் பசி கூடுவது உண்மைதான், ஆனால் சிபாப் போட்டவர்களுக்கு சராசரியாக எடை கொஞ்சம் கூடியதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு: உடல் பருமனோடு நடுத்தர, தீவிர மூச்சுத்தடை இருப்பவர்களுக்கு டிர்செபடைடு என்ற அந்த ஊசியை அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். நான் போடவில்லை, டாக்டரிடம் கேளுங்கள்.

ஆங், மாஸ்க். டாக்டர் என் முகத்தைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: கன்னம் வற்றியிருக்கிறது, மாஸ்க் ஒரு சைஸ் பெரிது. சின்ன சைஸ் மாட்டினேன், அழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்தார், நேற்று ராத்திரி சத்தமே இல்லை. என் மீசைக்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமே இல்லையாம். வழிக்கச் சொன்ன புண்ணியவானே, பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்.